வரிப் பாக்கி உத்தரவு வந்துவிட்டது, கையில் பணம் இல்லை: அவகாசமும் தவணையும் கேட்பது எப்படி?

சனிக்கிழமை சாயங்காலம், திருப்பூரில் வாரச் சம்பளம் போடும் நேரம். அனுப்பர்பாளையம் பக்கம் பன்னிரண்டு மெஷின் வைத்து பவர்டேபிள் (தையல் யூனிட்) ஓட்டும் அண்ணன் ஒருவர் வந்து, மடித்து மடித்து நைந்துபோன ஒரு தாளை நீட்டினார். ஜிஎஸ்டி உத்தரவு. வரி 2,40,000 ரூபாய், வட்டி 72,000, அபராதம் 24,000. ஆகமொத்தம் 3,36,000. தேதியைப் பார்த்தால் இரண்டரை மாதம் ஓடியிருந்தது.

"இத்தன நாளா என்னங்ணா பண்ணீங்க?" என்றேன்.

"பணம் இருந்தாத்தானுங்க ஆபீசுக்குப் போக முடியும்? வெறுங்கையோட போயி என்னத்தச் சொல்றது?" என்றார்.

நம் பக்கம் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். கடன்காரன் முன்னால் வெறுங்கையோடு நிற்பது மானக்கேடு என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் வரித்துறை விஷயத்தில் இந்தக் கூச்சம் குடும்பத்தையே சாய்த்துவிடும். பணம் இல்லாதவன் வந்து தவணை கேட்பதற்குச் சட்டத்திலேயே இடம் வைத்திருக்கிறார்கள். வெறுங்கையோடு போகலாம். காகிதத்தோடு போக வேண்டும், தேதிக்குள் போக வேண்டும். அவ்வளவுதான். அந்த அண்ணனுக்கு மீதி இருந்தது இரண்டே வாரம். அதற்குள் செய்த வேலைகளை வைத்தே இதை எழுதுகிறேன். நான் பதினோரு வருடம் யூனிட் ஓட்டியவன். இப்போது சின்ன யூனிட்டுகளுக்குக் கணக்குப் பார்க்கிறேன். பல்லடம் தறிக்காரருக்கும், ஈரோடு ஜவுளிக் கடைக்காரருக்கும், கோவையில் லேத் பட்டறை வைத்திருப்பவருக்கும் வழி இதேதான்.

நிவாரணம் என்றால் என்ன

முதலில் இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். கிடைக்கப்போவது தள்ளுபடி இல்லை, காலம். வசூல் நடவடிக்கை நிற்கும். வட்டி நிற்காது.

அந்த வட்டியை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஜிஎஸ்டி பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம், அதாவது ஒன்றரை ரூபாய் வட்டி. வருமான வரிப் பாக்கிக்கு மாதம் 1 சதவீதம், அதாவது ஒரு ரூபாய் வட்டி. ஆபீசிலிருந்து போன் வந்தவுடன் பயந்துபோய் மூன்று ரூபாய் வட்டிக்கும் தண்டலுக்கும் வாங்கிக் கட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தவணை வாங்க வழி இருக்கும்போது ஒன்றரை ரூபாய் கடனை மூன்று ரூபாய் கடனாக மாற்றாதீர்கள். வீட்டு நகையை அடகு வைப்பதற்கு முன்னால் இந்தக் கட்டுரையை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

முதல் வேலை: கையில் இருப்பது என்ன தாள்?

வருவதெல்லாம் 'நோட்டீஸ்' என்றுதான் நாம் சொல்கிறோம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கெடு வேறு, பதிலும் வேறு. ஜிஎஸ்டியில் டிஆர்சி-01 என்று இருந்தால் அது விளக்கம் கேட்கும் நோட்டீஸ். இன்னும் கடன் முடிவாகவில்லை. பதில் சொல்ல வேண்டும். டிஆர்சி-07 என்றால் உத்தரவு முடிந்தது, தொகை முடிவாகிவிட்டது. டிஆர்சி-13 என்றால் உங்கள் வங்கிக்கோ, உங்களுக்குப் பணம் தர வேண்டிய கம்பெனிக்கோ 'அந்தப் பணத்தை எங்களிடம் கட்டு' என்று கடிதம் போய்விட்டது.

தபாலில் வரும் என்று காத்திருக்க வேண்டாம். ஜிஎஸ்டி போர்ட்டலில் சர்வீசஸ், அதற்குள் யூசர் சர்வீசஸ், அதற்குள் 'வியூ அடிஷனல் நோட்டீசஸ் அண்ட் ஆர்டர்ஸ்' என்று ஒரு இடம் இருக்கிறது. முக்கியமான நோட்டீசுகள் பலவும் அங்கேதான் கிடக்கும். மாதம் ஒருமுறை உங்கள் கையாலேயே திறந்து பாருங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல என் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. நான் யூனிட் ஓட்டிய காலத்தில் பதிவில் கொடுத்திருந்த செல் நம்பர் என்னுடையது இல்லை. கணக்கு எழுதிக்கொடுத்த இடத்தில் வேலை பார்த்த ஒரு தம்பியுடையது. அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். நோட்டீஸ், நினைவூட்டல், நேர்முக விசாரணைத் தேதி, கடைசியில் உத்தரவு என எல்லாமே அந்த நம்பருக்கே போயிருக்கிறது. எனக்குத் தெரிந்தது ஒரு சனிக்கிழமை மதியம். சம்பளப் பணம் எடுக்க வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண், திரையைப் பார்த்துவிட்டு, "உங்க அக்கவுண்ட் ஹோல்டுல இருக்குங்க சார்" என்றார். வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி, பத்தொன்பது பேருக்கு அன்று சாயங்காலம் என்ன பதில் சொல்வது என்று யோசித்தது இன்னும் மறக்கவில்லை.

ஆகவே இன்றைக்கே போர்ட்டலில் உங்கள் செல் நம்பரும் மின்னஞ்சலும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 'நான்-கோர் அமெண்ட்மென்ட்' என்ற திருத்த வசதி வழியாக மாற்றிவிடலாம். யூசர் நேமும் பாஸ்வேர்டும் உங்கள் டைரியில் இருக்கட்டும். ஆடிட்டரை நம்பவேண்டாம் என்று சொல்லவில்லை. சாவி ஒன்று நம் கையிலும் இருக்கட்டும்.

இரண்டாவது: கேட்கும் தொகை சரிதானா?

தவணை கேட்பதற்கு முன்னால், இது நாம் கட்ட வேண்டிய பணம்தானா என்று பாருங்கள். கட்ட வேண்டியதில்லாத பணத்துக்கு எதற்குத் தவணை?

ஜாப் ஒர்க் (பிறர் தரும் வேலையைக் கூலிக்கு முடித்துக் கொடுப்பது) செய்பவர்களுக்கு அடிக்கடி வருவது வருமான வரியில் டிடிஎஸ் சிக்கல். டிடிஎஸ் என்பது பில் பணத்தில் முன்கூட்டியே பிடிக்கும் வரி. பெரிய கம்பெனி உங்கள் பில்லில் 1 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்திருக்கும். ஆனால் பிடித்ததை அரசுக்குக் கட்டியிருக்காது, அல்லது உங்கள் பான் நம்பரைத் தவறாகப் போட்டிருக்கும். உங்கள் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் பட்டியலில் அது ஏறாது. நீங்கள் ரிட்டர்னில் அந்த டிடிஎஸ்ஸைக் கழித்திருப்பீர்கள், துறை ஏற்காமல் அந்தத் தொகையை உங்களிடமே கேட்கும். இப்படிப் பிடித்தம் செய்யப்பட்ட வரியைத் திரும்ப உங்களிடம் கேட்கக் கூடாது என்று 1961 வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 205 சொல்கிறது. நேரடி வரிகள் வாரியமும் 2015-லும் 2016-லும் இதைத் தன் அதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறது. பில், அந்த பில்லுக்கு 1 சதவீதம் குறைவாக வங்கியில் வரவான பதிவு, கம்பெனி தந்த கணக்கு விவரம் மூன்றையும் இணைத்து எழுதிக் கொடுங்கள்.

ஜிஎஸ்டியில் இன்னொன்று. ரிட்டர்ன் போடாமல் விட்டிருந்தால் அதிகாரி தானே ஒரு தொகையை உத்தேசமாக நிர்ணயித்து ஏஎஸ்எம்டி-13 என்ற உத்தரவு போடுவார். அந்தத் தொகை பெரும்பாலும் உண்மையைவிட அதிகமாகத்தான் இருக்கும். உத்தரவு கிடைத்த 60 நாளுக்குள் உங்கள் ரிட்டர்னை வரியோடு போட்டுவிட்டால் அந்த உத்தரவு தானாகவே விலகிவிடும். மத்திய, மாநில ஜிஎஸ்டிக்குத் தலா 100 என்று நாளுக்கு 200 ரூபாய் கூடுதல் தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் இருக்கிறது. மேல்முறையீடு எதுவும் தேவையில்லை.

உத்தரவே தவறு என்றால் மேல்முறையீடு. ஜிஎஸ்டியில் உத்தரவு கிடைத்த நாளிலிருந்து 3 மாதம் கெடு. சரியான காரணம் காட்டினால் இன்னும் ஒரு மாதம். தகராறில் இருக்கும் வரியில் 10 சதவீதம் கட்டி மேல்முறையீடு செய்தால் மீதித் தொகையின் வசூல் சட்டப்படியே நின்றுவிடும். யாரிடமும் தனியாகத் தடை கேட்க வேண்டியதில்லை. ஒரே கேள்விதான்: பாக்கி நியாயமா, தவறா? நியாயம் என்றால் தவணை. தவறு என்றால் மேல்முறையீடு. காலம் கடத்துவதற்காக மட்டும் மேல்முறையீடு போடுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. வட்டி ஓடிக்கொண்டே இருக்கும், தோற்றால் மொத்தமாக வந்து விழும்.

மூன்றாவது: ஜிஎஸ்டி தவணை, டிஆர்சி-20

அந்த அண்ணனுக்கு உத்தரவு சரியாகத்தான் வந்திருந்தது. பழைய வருடத்தில் ஒரு பெரிய பில்லைக் கணக்கில் காட்டாமல் விட்டிருந்தார்கள். ஆகவே தவணை.

சட்டத்தின் பிரிவு 80, விதி 158. அதிகபட்சம் 24 மாதத் தவணை. பாக்கி 25,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் கேட்க முடியாது. ஏற்கெனவே உங்கள் மேல் வேறு பாக்கிக்கு வசூல் நடவடிக்கை ஓடிக்கொண்டிருந்தாலும் கிடைக்காது. இந்த இரண்டாவது நிபந்தனைதான் காலம் ஏன் முக்கியம் என்பதற்குக் காரணம். உத்தரவு கிடைத்த 3 மாதம் வரை கட்டுவதற்குப் பொதுவாக அவகாசம் உண்டு. அதற்குப் பிறகுதான் வசூல் தொடங்க வேண்டும். அந்த 3 மாதத்துக்குள் விண்ணப்பித்தவர் வேறு, வங்கிக் கணக்கை முடக்கிய பிறகு ஓடி வருபவர் வேறு. அதிகாரி பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

போர்ட்டலில் சர்வீசஸ், யூசர் சர்வீசஸ், மை அப்ளிகேஷன்ஸ் என்று போங்கள். விண்ணப்ப வகையில் 'டெஃபர்டு பேமெண்ட் / பேமெண்ட் இன் இன்ஸ்டால்மென்ட்ஸ்' என்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் டிஆர்சி-20 திறக்கும். அதில் கேட்பது: உத்தரவின் டிமாண்ட் ஐடி (அந்தப் பாக்கிக்கான எண்), தொகை, எத்தனை தவணை, காரணம். அப்புறம் ஆவணங்களை ஏற்றி ஓடிபி போட்டு அனுப்ப வேண்டும். ஏஆர்என் என்ற விண்ணப்ப எண் வரும். அதைப் பிரிண்ட் எடுத்து, ஆவணங்களின் ஒரு செட்டோடு நேரில் அலுவலகத்துக்குப் போங்கள். உங்கள் பதிவு மாநில வணிக வரித்துறையில் இருக்கிறதா, மத்திய ஜிஎஸ்டியில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தவறான ஆபீசில் அரை நாள் உட்கார்ந்துவிட்டு வருபவர்கள் உண்டு.

விண்ணப்பம் போட்டதாலேயே வசூல் நின்றுவிடாது. ஆணையர் உங்கள் பகுதி அதிகாரியிடம் 'இவரால் கட்ட முடியுமா' என்று அறிக்கை கேட்பார். பிறகு டிஆர்சி-21 என்ற உத்தரவு வரும். அது வந்தால்தான் தவணை உறுதி. ஆகவே நேரில் போவது அவசியம். அறிக்கை எழுதப்போகிறவர் உங்களை ஒருமுறை பார்த்திருக்கட்டும்.

நான்காவது: கஷ்டத்தைக் காகிதத்தில் காட்டுவது

நம் ஆட்கள் சறுக்கும் இடம் இதுதான். "ரொம்பக் கஷ்டமுங்க சார், தொழிலே இல்லீங்க" என்று சொன்னால் எதிரில் இருப்பவர் தலையாட்டுவார். ஆனால் அறிக்கையில் அதை எழுத முடியாது. அவர் எழுதுவதற்குத் தேவை எண்கள்.

அந்த அண்ணனிடம் ஒரு செருப்பு டப்பா நிறைய டெலிவரி சலானும் ரசீதும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் யூனிட்டில் கட்டிங் டேபிள் மேல் கொட்டிப் பிரித்தோம். அவரும் சம்சாரமும் மாதவாரியாக அடுக்கினார்கள். எதிர்பார்க்காத சாட்சி ஒன்று கிடைத்தது: ஈபி பில். வேலை நன்றாக ஓடிய மாதங்களில் எடுத்த யூனிட்டுக்கும் கடைசி மூன்று பில்லுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். மெஷின் ஓடவில்லை என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது. அதை நாம் எழுதுவதில்லை, மின்சார வாரியம் எழுதுகிறது.

மற்றபடி கட்ட வேண்டிய கோப்பு இது: கடைசி ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட். வர வேண்டிய பாக்கிப் பட்டியல், கம்பெனிவாரியாக, பில் தேதியோடு. திரும்பிவந்த செக் இருந்தால் வங்கி கொடுத்த மெமோ. கடன் தவணை விவரம். பிஎஃப், இஎஸ்ஐ கட்டிய சலான். குடும்பத்தில் பெரிய மருத்துவச் செலவு இருந்தால் அந்த பில். ஆர்டர் ரத்தானதற்கு மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால் அதன் பிரிண்ட். 2025 ஆகஸ்ட் 27 முதல் நம் துணிகளுக்கு அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டபோது திருப்பூரில் பல ஆர்டர்கள் நின்றன. பொதுவாக 'அமெரிக்க வரி' என்று எழுதினால் போதாது. எந்தக் கம்பெனி ஆர்டர், எத்தனை பீஸ், எந்தத் தேதியில் நின்றது என்று எழுதுங்கள்.

இவற்றுக்கு மேல் ஒரே ஒரு தாள் வையுங்கள், மாத வரவு செலவு. அந்த அண்ணனுடையது இப்படி இருந்தது. ஜிஎஸ்டி நீங்கலாக மாத பில் 4,50,000. சம்பளம் 2,95,000, ஈபி 14,000, வாடகை 25,000, நூல், ஊசி, மெஷின் சர்வீஸ் 30,000, கடன் தவணை 28,000, பிஎஃப் இஎஸ்ஐ 18,000. கழித்தால் மிச்சம் 40,000. வீட்டுச் செலவு 18,000. கையில் நிற்பது 22,000.

இப்போது எத்தனை தவணை கேட்பது என்பது தானே தெரிந்துவிடுகிறது. 3,36,000-ஐ 20 தவணையாகப் பிரித்தால் மாதம் 16,800. வரித் தொகைக்கு ஓடும் வட்டி முதல் மாதம் 3,600, பிறகு குறைந்துகொண்டே போகும். ஆக, அதிகபட்சம் 20,400. கையில் நிற்பதைவிடக் கொஞ்சம் கீழே. பன்னிரண்டு மாதத்தில் கட்டிவிடுகிறேன் என்று வீராப்பாக எழுதித் தர அவர் தயாராக இருந்தார். நான்தான் தடுத்தேன். காரணம் பின்னால் வருகிறது.

கடிதம் நீளமாக இருக்க வேண்டாம். நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"ஐயா, மேற்படி உத்தரவின்படி நான் செலுத்த வேண்டிய 3,36,000 ரூபாயை ஒப்புக்கொள்கிறேன். கடந்த ஆறு மாதங்களாக வேலை குறைந்ததாலும், எனக்கு வர வேண்டிய 5,10,000 ரூபாய் நிலுவையில் இருப்பதாலும் ஒரே தவணையில் செலுத்த இயலாத நிலையில் இருக்கிறேன். மாத வரவு செலவு விவரமும் ஆதாரங்களும் இணைத்துள்ளேன். 20 மாதத் தவணையில் செலுத்த அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நல்லெண்ண அடையாளமாக இன்று 15,000 ரூபாய் செலுத்தியுள்ளேன்."

அந்த 15,000 முக்கியம். அதுவும் கடனில்தான் கழிகிறது, வீணாகவில்லை. போர்ட்டலில் அந்த டிமாண்ட் ஐடியைத் தேர்ந்தெடுத்துக் கட்டி, ரசீதை முதல் பக்கமாக வையுங்கள்.

ரிட்டர்ன் போடாதவர்களுக்குத் தனியாக

பிரிவு 80 தவணையில் ஒரு பெரிய விலக்கு இருக்கிறது. நீங்களே ரிட்டர்னில் காட்டிய வரிக்குத் தவணை கிடையாது. அந்த மாத ஜிஎஸ்டிஆர்-3பி, அதாவது வரி கட்டும் ரிட்டர்ன், முழு வரியும் கட்டினால்தான் தாக்கலாகும். பாதி கட்டி பாதி பாக்கி என்று போட போர்ட்டல் விடாது. "பணம் வந்தப்புறம் மொத்தமாப் போட்டுக்கலாம்" என்று விட்டுவிடுபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

கம்பெனிக்காரன் உங்களுக்குப் பணம் தரவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். ஆனாலும் பில் போட்டால் வரி உங்கள் தலையில். இது நியாயமா என்று கேட்டால், சின்ன ஜாப் ஒர்க்கருக்கு இது நியாயமில்லை என்றுதான் நான் சொல்வேன். இருந்தாலும் இன்றைய சட்டம் இதுதான்.

இரண்டு மாதம் தொடர்ந்து போடாவிட்டால் உங்கள் பெயரில் இ-வே பில் (சரக்கு அனுப்ப எடுக்கும் மின்னணுச் சீட்டு) எடுக்க முடியாது. ஆறு மாதம் தொடர்ந்தால் பதிவை ரத்து செய்ய நோட்டீஸ் வரும். மூன்று வருடம் தாண்டினால் அந்த ரிட்டர்னைப் போடவே முடியாது. இதைவிடக் கெடுதல் ஒன்று. நீங்கள் பில் விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 போட்டு 3பி போடாமல் விட்டால், உங்களிடம் வேலை கொடுத்த கம்பெனி தான் எடுத்த வரவை (உங்கள் பில்லின் ஜிஎஸ்டியைத் தன் வரியில் கழித்துக்கொண்டதை) திருப்பிக் கட்ட வேண்டி வரும். அதற்குப் பிறகு அவர்கள் வேலையும் தர மாட்டார்கள், பாக்கியையும் நிறுத்திவிடுவார்கள்.

செய்யக்கூடியது இது. கையில் வரும் சிறு தொகையையும் மாதத்தின் கெடு தேதிக்குள் போர்ட்டலில் உங்கள் கேஷ் லெட்ஜரில் (பணக் கணக்கில்) கட்டி வைத்துவிடுங்கள், ரிட்டர்ன் போட முடியாவிட்டாலும். கெடு தேதியிலிருந்து ரிட்டர்ன் போடும் நாள் வரை அது அங்கேயே இருந்தால், அந்த அளவுக்கு வட்டி கிடையாது. 2024-இல் வந்த திருத்தம் இது. பலருக்குத் தெரியாது. பழைய மாதத்தை முதலில் முடியுங்கள், வரிசையை மீறிப் போட முடியாது. வேலையே நடக்காத மாதம் என்றால் நில் ரிட்டர்ன் கட்டாயம் போடுங்கள். அதற்குச் செலவில்லை. போடாவிட்டால் நாளுக்கு 20 ரூபாய், ஒரு ரிட்டர்னுக்கு 500 வரை. வரி இருக்கும் மாதத்துக்கு நாளுக்கு 50, ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் இருந்தால் 2,000 வரை.

வர வேண்டிய பாக்கியை வசூலிப்பதும் இதில் சேர்ந்ததுதான். உத்யம் (சிறுதொழில்) பதிவு வைத்திருக்கும் சிறு யூனிட்டுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று எம்எஸ்எம்இ சட்டம் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் போர்ட்டலில் புகார் கொடுக்கலாம். புகார் கொடுத்தால் அந்தக் கம்பெனியில் வேலை போய்விடும் என்ற பயம் எனக்கும் தெரியும். அதனால் முதலில் ஒரு வேலை செய்யுங்கள்: 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தராவிட்டால் அந்த பில்லுக்கு எடுத்த ஜிஎஸ்டி வரவை அவர்கள் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும் என்பதை, அவர்கள் அக்கவுண்ட்ஸ் ஆபீசுக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சலில் நினைவுபடுத்துங்கள். முதலாளியிடம் பேசுவதைவிட இது வேலை செய்கிறது. அந்த மின்னஞ்சலின் நகல் உங்கள் தவணைக் கோப்புக்கும் ஒரு ஆதாரம்.

வருமான வரி என்றால்

டிமாண்ட் நோட்டீஸ் கிடைத்து 30 நாளுக்குள் கட்ட வேண்டும். முடியாது என்றால் அந்த 30 நாள் முடிவதற்குள்ளேயே உங்கள் மதிப்பீட்டு அதிகாரிக்குத் தவணையோ அவகாசமோ கேட்டு எழுத வேண்டும். 1961 சட்டத்தில் பிரிவு 220(3). 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதால் இனி வரும் ஆண்டுகளுக்குப் பிரிவு எண்கள் வேறு. பழைய ஆண்டுப் பாக்கிக்குப் பழைய எண்களே ஓடும். கோப்பு மேலே சொன்ன அதே கோப்புதான்.

போர்ட்டலில் 'ரெஸ்பான்ஸ் டு அவுட்ஸ்டாண்டிங் டிமாண்ட்' என்ற இடத்தில் பதில் போடும்போது அவசரப்படாதீர்கள். 'டிமாண்ட் சரி' என்று அழுத்திவிட்டால் பிறகு மறுக்க முடியாது. தெரியாமல் அழுத்திவிட்டு வந்தவர்களுக்குப் பின்னால் எவ்வளவு அலைச்சல் என்று நேரில் பார்த்திருக்கிறேன்.

மேல்முறையீடு செய்திருந்தால், அது முடியும்வரை வசூலை நிறுத்திவைக்கக் கேட்கலாம். 2017 முதல் வழக்கத்தில் இருப்பது 20 சதவீதம் கட்டச் சொல்வது. ஆனால் அது கல்வெட்டு இல்லை. அதைவிடக் குறைவாகக் கட்டச் சொல்லித் தடை தர அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 20 சதவீதமும் முடியாது என்றால் அதற்கான காரணத்தை எண்ணோடு எழுதிக் கேளுங்கள். அதிகாரி மறுத்தால் மேலே முதன்மை ஆணையர் வரை போகலாம்.

அசலைக் கட்டி முடித்த பிறகு, ஏறிய வட்டியைக் குறைக்கவோ தள்ளவோ கேட்கும் வழியும் உண்டு. பிரிவு 220(2ஏ). மூன்றையும் காட்ட வேண்டும்: கட்டியது உண்மையிலேயே பெரும் கஷ்டம் தந்தது, கட்டாமல் போனதற்குக் காரணம் உங்கள் கையை மீறியது, விசாரணையில் ஒத்துழைத்தீர்கள். கடைசியாகச் சொன்னதற்காகவே ஒவ்வொரு நோட்டீசுக்கும் பதில் போட்டு வைத்திருக்க வேண்டும்.

கணக்கு ஏற்கெனவே முடக்கப்பட்டிருந்தால்

அலற வேண்டாம். வங்கியிடம் முடக்கக் கடிதத்தின் நகலை வாங்குங்கள். எந்த அலுவலகம், எந்த உத்தரவு, எவ்வளவு தொகை என்று அதில் இருக்கும். வங்கி மேலாளரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அவர் அதை மீற முடியாது.

ஜிஎஸ்டி என்றால் உத்தரவு கிடைத்து 3 மாதம் ஆகிவிட்டதா என்று எண்ணுங்கள். ஆகவில்லை என்றால், ஏன் முன்கூட்டியே வசூலிக்கிறார்கள் என்பதற்கு எழுத்தில் காரணம் இருக்க வேண்டும். அதைக் கேளுங்கள். ஆகிவிட்டது என்றால், முடிந்த ஒரு பகுதியைக் கட்டிவிட்டு, சம்பளக் கணக்கையாவது விடுவிக்கும்படி எழுதிக் கொடுங்கள். என் கணக்கு அப்படித்தான் திறந்தது. நாலாவது நாள். உங்களுக்கு விசாரணை வாய்ப்பே தராமல் உத்தரவு போட்டிருந்தால், இப்படிப்பட்ட பல வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் வரியில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லி, வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பியிருக்கிறது. அதற்கு வக்கீல் வேண்டும், செலவு உண்டு. தொகை பெரியதாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

இந்த நேரத்தில் "பத்தாயிரம் குடுங்க, உள்ள ஆள் இருக்கு" என்று ஒருவர் கட்டாயம் வருவார். கொடுக்காதீர்கள். அந்தப் பத்தாயிரத்தை டிமாண்ட் ஐடியில் கட்டுங்கள்.

தவணை கிடைத்த பிறகு

அண்ணனுக்கு உத்தரவு வந்தது. கேட்ட 20 கிடைக்கவில்லை, 18. மாதம் இருபத்தோராயிரம் சொச்சம், நெருக்கிப் பிடித்தால் முடியும். பன்னிரண்டு வேண்டாம் என்று நான் தடுத்ததற்குக் காரணம் இதுதான்: ஒரே ஒரு தவணை தவறினால் போதும், மீதி முழுவதும் அன்றைக்கே கட்ட வேண்டியதாகிவிடும். நோட்டீஸ்கூடத் தர வேண்டியதில்லை. தீபாவளி போனஸ் மாதம் இருக்கிறது, ஆர்டர் இல்லாத மாதம் இருக்கிறது, வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது. இத்தனைக்கும் இடம் விட்டுத்தான் தவணை கேட்க வேண்டும்.

அவர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். சனிக்கிழமை சம்பளம் எண்ணி வைக்கும்போது அதோடு இன்னொரு கவர், மேலே 'ஜிஎஸ்டி' என்று எழுதி, ஐயாயிரத்து ஐந்நூறு. திங்கட்கிழமை காலையில் வங்கியில். மாதக் கடைசியில் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. கூடவே, ஓடும் மாதத்தின் ரிட்டர்னையும் தவறாமல் போட வேண்டும். பழைய பாக்கியைக் கட்டும் மும்முரத்தில் புது பாக்கி சேர்ப்பவர்கள் உண்டு. அப்படிச் சேர்ந்தால் அடுத்த தடவை தவணை கேட்கும் முகம் இருக்காது.

கடைசித் தவணை கட்டிய அன்று வேலை முடிந்துவிடுவதில்லை. போர்ட்டலில் லயபிலிட்டி லெட்ஜரை (பாக்கிக் கணக்கை) திறந்து அந்த டிமாண்ட் ஐடிக்கு எதிரே பூஜ்யம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். சில நூறு ரூபாய் வட்டி வித்தியாசம் தொங்கிக்கொண்டிருந்தால் அன்றே கட்டிவிடுங்கள். கணக்கு முடக்கப்பட்டிருந்தால், விடுவிக்கும் கடிதம் வங்கிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று நேரில் கேளுங்கள். பதினெட்டு சலானையும், டிஆர்சி-21 உத்தரவையும், பூஜ்யம் காட்டும் அந்தப் பக்கத்தின் பிரிண்டையும் ஒரே கோப்பில் போட்டு, பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள். அந்த அண்ணன் தன்னுடையதைப் பழைய செருப்பு டப்பாவிலேயே வைத்து, மேலே கொட்டை எழுத்தில் 'கட்டியாச்சு' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்.